பழக்கம் என்றொரு குற்றம்

சித்தூர் நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை. வாசலில் ஒரு மர மேஜை, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். நகரி வட்டாரத்தில் தமிழ் வழிப் பள்ளிகளில் முப்பது வருடம் இலக்கணம் நடத்தியவர். கடைக்காரர் பழைய மாணவர் என்பதால் மேஜைக்கு வாடகை கிடையாது. பத்திரங்களையும் மனுக்களையும் தமிழிலிருந்து தெலுங்குக்கும், தெலுங்கிலிருந்து தமிழுக்கும் மாற்றிக் கொடுப்பது அவருடைய ஓய்வுக்கால வேலை. வேலூர் இங்கிருந்து ஒரு மணி நேர பஸ் பயணம்தான். இரண்டு மாநிலத்திலும் நிலம், சம்பந்தம், கடன், வழக்கு வைத்திருப்பவர்கள் நிறைய. வேலைக்குப் பஞ்சமில்லை.

2015ஆம் ஆண்டின் கடைசி. ஒரு மாலையில் இளம் வழக்கறிஞர் ஒருவர் ஒரு பெண்மணியை அழைத்து வந்தார். ஜவ்வாது மலையிலிருந்து வந்தவர் அந்த அம்மாள். ஜமுனாமரத்தூர் பக்கத்துச் சிற்றூரிலிருந்து மூன்று பஸ் மாறி வந்திருந்தார். கையில் ஜவுளிக்கடைப் பை. அதற்குள் ரேஷன் கார்டு, மகனின் போட்டோ, ஒரு கட்டுக் காகிதம்.

“அய்யவாரு, ஒரே ஒரு சொல்லுதான்” என்றார் வழக்கறிஞர். சித்தூரில் ஆசிரியரைத் தெலுங்குக்காரர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள். “இங்கிலீஷ்ல ‘ஹேபிச்சுவலி’ன்னு இருக்கு. தமிழ்ல வேற என்னவோ போட்டிருக்காங்க. சரியா தப்பான்னு பார்த்து, நீங்களே ஒரு மொழிபெயர்ப்பு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க.”

காகிதம் ஒரு தடுப்புக் காவல் உத்தரவு. ஆந்திராவில் ‘பி.டி. ஆக்ட்’ என்று எல்லோரும் சொல்லும் 1986ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் போடப்பட்டது. தமிழ்நாட்டில் 1982 முதல் இருக்கும் குண்டர் சட்டத்துக்கு இது தம்பி முறை. விசாரணை, தண்டனை எதுவும் இல்லாமல் ஒருவரைப் பன்னிரண்டு மாதம் வரை உள்ளே வைக்கலாம். ஆனால் அதற்கு அவர் ‘குண்டர்’ என்று காட்ட வேண்டும். யார் குண்டர்? குறிப்பிட்ட சில குற்றங்களை ‘ஹேபிச்சுவலி’ செய்பவர். ஆந்திரச் சட்டம் அந்த ஒரு வினையடையின் மேல்தான் நிற்கிறது. அதை உருவி எடுத்துவிட்டால் சட்டம் படுத்துவிடும்.

பையிலிருந்து வந்த தமிழ்ப் பிரதியில் அந்த இடத்தில் எழுதியிருந்தது: ‘குற்றம் புரியும் சுபாவம் கொண்டவர்.’

ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி படித்தார். சுபாவம்.

தமிழ்ப் பிரதி என்பது ஏதோ மரியாதைக்காகக் கொடுக்கப்படும் காகிதம் அல்ல. காவலில் வைக்கப்பட்டவருக்கு அதற்கான காரணங்களைச் சொல்லியாக வேண்டும், அதை எதிர்த்து முறையிட அவருக்கு வாய்ப்புத் தர வேண்டும் என்கிறது அரசியல் சட்டத்தின் 22ஆம் பிரிவு. சொல்வது என்றால் எந்த மொழியில்? 1962ல் ஹரிகிசன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தீர்த்து வைத்தது. மகாராஷ்டிரத்தில் காவலில் வைக்கப்பட்ட அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. காரணங்கள் இங்கிலீஷில் கொடுக்கப்பட்டன, போலீஸ் அதிகாரி வாய்மொழியாக இந்தியில் விளக்கினார். அது போதாது, அவருக்குப் புரிகிற மொழியில் எழுத்தாகக் கொடுக்க வேண்டும் என்று சொல்லி அந்தக் காவலை ரத்து செய்தது நீதிமன்றம். ஆக, தமிழ் மட்டுமே தெரிந்த ஒருவரின் விடுதலை சில சமயம் ஒரு மொழிபெயர்ப்பாளரின் மேஜை மேல் இருக்கிறது.

“நாளைக்குக் காலையில வாங்க” என்றார் ஆசிரியர்.

வழக்கறிஞருக்கு ஆச்சரியம். ஒரே ஒரு சொல். அகராதியைப் புரட்டினால் முடிந்தது. ஆனால் அகராதிதான் இங்கே தகராறு. ‘ஹேபிட்’ என்றால் பழக்கம், வழக்கம், இயல்பு, குணம், நடத்தை என்று வரிசையாகக் கொட்டியிருக்கும். அகராதிக்கு எல்லாம் ஒன்றுதான். சிறையில் இருப்பவருக்கு அப்படியல்ல.

அந்த அம்மாள் அதுவரை பேசவில்லை. வழக்கறிஞர் தமக்குத் தெரிந்த தமிழில் உதவ முயன்றார். “உங்க பையனுக்குத் திருட்டுப் பழக்கம் இருக்குன்னு எழுதியிருக்காங்கம்மா.”

“பழக்கமா?” அம்மாள் பதறிவிட்டார். “எம் புள்ளைக்கு எந்தப் பழக்கமும் கெடையாது சாமி. குடிகூட இல்ல. ஊருல வேணா கேட்டுப் பாருங்க.”

ஆசிரியர் சிரிக்கவில்லை. தமிழில் அந்தச் சொல்லுக்கு நேர்ந்த கதி அது. பெண் பார்க்க வருகிறவர்களிடம் ‘மாப்பிள்ளைக்கு எந்தப் பழக்கமும் கிடையாது’ என்று சொன்னால், அவர் பல் துலக்குவதில்லை என்று யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பழகு என்ற வினையிலிருந்து வந்த நல்ல சொல். நீச்சலும் சமையலும் வீணையும் பழகியே வருகின்றன. மனிதர்களும் பழகித்தான் நண்பர்களாகிறார்கள். அப்படிப்பட்ட சொல் பேச்சு வழக்கில் மதுக்கடை வாசலுக்குப் போய் நின்றுவிட்டது.

அன்று இரவு அந்த அம்மாள் பஸ் நிலையத்தில் தங்கினார். ஆசிரியர் வீட்டில் விளக்கு வெகுநேரம் எரிந்தது.

ஒரு நோட்டுப் புத்தகத்தில் அவர் சொற்களை வரிசையாக எழுதினார். முதலில் ‘வழக்கமாக’. சட்டச் சொல்லகராதிகளின் விருப்பம் இதுதான். ஆனால் வழக்கம் என்பது ஊர் ஏற்றுக்கொண்டது. ஆடிக்குக் கூழ் ஊற்றுவது வழக்கம். தொல்காப்பியர் காலம் தொட்டு ‘வழக்கு’ என்றால் மக்கள் பேசும் பேச்சு. அதே வழக்கு பிறகு எப்படியோ கோர்ட்டுக்குப் போய் ‘கேஸ்’ ஆகிவிட்டது. வழக்கில் சிக்கியவனை வழக்கமானவன் என்று எழுதினால் குழப்பம்தான் மிஞ்சும்.

அடுத்து ‘வாடிக்கையாக’. செய்தித்தாள்களுக்குப் பிடித்த சொல். கேட்டால் கடைக்குக் கணக்கு வைத்து வந்து போகிறவர் ஞாபகம் வரும். அதற்கடுத்து ‘தொழிலாக’. இது சட்டத்தில் இல்லாததைச் சேர்க்கிறது. கடைசியாக, அரசுப் பிரதியில் இருந்த ‘சுபாவம்’. இதுதான் ஆபத்தானது. மற்றவை எல்லாம் ஒருவன் செய்ததைப் பற்றிப் பேசுகின்றன. சுபாவம் அவன் யார் என்று பேசுகிறது. தேளுக்குக் கொட்டுவது சுபாவம். அதைக் கேள்வி கேட்க முடியாது, அது முறையிடவும் முடியாது.

தெலுங்கிலும் இதே பிளவு உண்டு. ‘அலவாட்டு’ என்றால் பழகி வந்தது. ‘ஸ்வபாவம்’, ‘நைஜம்’ என்றால் கூடவே பிறந்தது. பழமொழிகளும் அப்படியே பிரிகின்றன. தமிழ்ப் பழமொழி ‘தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்’ என்கிறது. தொட்டிலில் போட்ட பிறகு வந்தது என்று ஒப்புக்கொள்ளும் குறைந்தபட்ச நியாயம் அதில் இருக்கிறது. தெலுங்குப் பழமொழி இன்னும் ஒரு படி முன்னால் போகிறது. பிறப்போடு வந்த புத்தி சிதைக் கட்டையோடுதான் போகும் என்கிறது.

இங்கிலீஷ்காரனின் சொல்லோ இந்த இரண்டு கரையிலும் கால் வைத்து நிற்கிறது. ‘ஹேபிட்’ லத்தீனிலிருந்து வந்தது. ‘வைத்திருத்தல்’ என்ற வினை அதன் வேர். உடம்பின் நிலை, தோற்றம், உடுத்தும் உடை எல்லாவற்றையும் அது குறித்தது. கன்னியாஸ்திரீகளின் அங்கிக்கு இங்கிலீஷில் இன்றும் ‘ஹேபிட்’ என்றுதான் பெயர். உடை என்றால் மாட்டலாம், கழற்றலாம். அந்த உடையைத் தோல் என்று அறிவித்த ஒரு காலம் இந்தத் தேசத்தில் இருந்தது.

1871ல் வெள்ளைக்கார அரசு குற்றப் பரம்பரைச் சட்டத்தைக் கொண்டு வந்தது. ஒரு கூட்டத்தாரோ குலத்தாரோ ஜாமீன் கிடைக்காத குற்றங்களைத் திட்டமிட்டுச் செய்வதற்கு ‘அடிக்டட்’ ஆனவர்கள் என்று அரசு கருதினால், அந்தக் குலத்தையே குற்றப் பட்டியலில் சேர்க்கலாம் என்றது அது. ‘அடிக்டட்’ என்ற சொல்லை இன்று மதுவுக்கும் செல்போனுக்கும் சொல்கிறோம். பழைய ரோமாபுரியில் கடனைத் திருப்ப முடியாதவனை நீதிபதி கடன் கொடுத்தவனிடமே ஒப்படைப்பார். அப்படி ஒப்படைக்கப்பட்டவனுக்கு இந்தச் சொல்லின் லத்தீன் மூலம்தான் பெயர். தமிழில் ‘குடிக்கு அடிமை’ என்று சொல்வது, எண்ணிப் பார்த்தால், மூலத்துக்கு மிக நெருக்கமான மொழிபெயர்ப்பு. ஒருவன் குடிக்கு அடிமையாகலாம். ஆனால் ஒரு குலம் முழுவதும், அன்று காலையில் பிறந்த சிசு உட்பட, எப்படித் திருட்டுக்கு அடிமையாகும்? சட்டம் அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்ளவில்லை.

முதலில் வட இந்தியாவுக்கு என்று இருந்த சட்டம் 1911ல் திருத்தி எழுதப்பட்டபோது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. வட ஆற்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் தாலுகாக்களைப் பிரித்துச் சித்தூர் மாவட்டத்தை உண்டாக்கியதும் அதே 1911ல்தான். மாவட்டமும் பட்டியலும் ஒரே வயது.

தமிழ்நாட்டில் இந்தச் சட்டம் என்றதும் 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில், கைரேகை வைக்க மறுத்த பிரமலைக் கள்ளர்கள் மீது நடந்த துப்பாக்கிச் சூடு நினைவுக்கு வரும். சித்தூர்ப் பக்கம் அது விழுந்த இடம் வேறு. தமிழில் குறவர், தெலுங்கில் எருகலர். எருகலர் வீட்டுக்குள் பேசும் மொழி தமிழுக்கு மிக நெருங்கிய உறவு. தெலுங்கில் ‘எருக’ என்றால் அறிவு. குறி சொல்கிறவர்கள் என்பதால் வந்த பெயர். அறிவு என்று பெயர் வைத்த ஜனங்களைத்தான் குற்றம் என்ற பட்டியலில் எழுதினார்கள்.

அவர்கள் அதற்கு முன்னால் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? மாடுகளிலும் கழுதைகளிலும் பொதி ஏற்றி, கடற்கரையிலிருந்து உப்பை உள்நாட்டுக்குக் கொண்டுபோய், அங்கிருந்து தானியம் ஏற்றி வந்தார்கள். ரயில் வந்தது. உப்பின் மீது அரசின் பிடி இறுகியது. பொதி மாட்டுக்கு வேலை போயிற்று. வரலாற்றாசிரியர் மீனா ராதாகிருஷ்ணா 2001ல் வெளிவந்த தமது நூலில் இதை விவரமாக எழுதியிருக்கிறார். பிழைப்புப் போனவர்கள் ஊர் ஊராக அலைந்தார்கள். அலைவதைப் பார்த்த அரசு, அலைவது இவர்கள் சுபாவம், திருடுவது இவர்கள் பரம்பரை என்று எழுதிக்கொண்டது. பழக்கத்தைக் கெடுத்தது ரயில். பழி விழுந்தது ரத்தத்தின் மேல்.

1936ல் நெல்லூருக்கு வந்த ஜவாஹர்லால் நேரு இந்தச் சட்டத்தைக் கடுமையாகக் கண்டித்தார். எந்தக் குலத்தையும் குற்றக் குலம் என்று வகைப்படுத்த முடியாது என்றார். சென்னை மாகாணம் 1947ல் சட்டத்தை நீக்கியது. நாடு முழுவதும் 1952 ஆகஸ்ட் 31ல் அது ஒழிந்தது. ஆனால் 1948லேயே சென்னை மாகாணத்தில் வேறொரு சட்டம் வந்துவிட்டது. அதன் பெயரில் இருந்த சொல்: ‘ஹேபிச்சுவல் அஃபெண்டர்ஸ்’. பிரிந்துபோன ஆந்திரமும் 1962ல் அதே சொல்லைத் தாங்கிய சட்டத்தை இயற்றியது. பரம்பரை போய்ப் பழக்கம் வந்தது. காகிதத்தில் இது பெரிய மாற்றம்தான். இனி குலத்தைப் பார்க்கக் கூடாது, தனி மனிதன் எத்தனை முறை தண்டனை பெற்றான் என்றுதான் பார்க்க வேண்டும். ஸ்டேஷனில் மாறியது ரிஜிஸ்தரின் அட்டை மட்டும்தான் என்பது அந்த ஜனங்களின் அனுபவம். தேசிய மனித உரிமை ஆணையம் 2000லும், இனப் பாகுபாட்டை ஒழிப்பதற்கான ஐ.நா. குழு 2007லும் இந்தச் சட்டங்களை நீக்கச் சொன்னதற்குக் காரணம் அதுதான்.

இதையெல்லாம் எண்ணிக்கொண்டிருந்த ஆசிரியருக்கு அன்று இரவு தூக்கம் வராததற்குச் சட்டத்தின் சரித்திரம் மட்டும் காரணமல்ல.

1988ல் அவருடைய எட்டாம் வகுப்பில் ஓர் எருகலப் பையன் இருந்தான். வெண்பாவுக்குச் சீர் பிரிப்பதில் கெட்டிக்காரன். ஒரு நாள் வகுப்பில் ஒரு ஜாமெட்ரி பாக்ஸ் காணாமல் போயிற்று. பையைக் கொட்டிக் காட்டச் சொன்னது அவனை மட்டும்தான். பெட்டி இல்லை. இருந்தாலும் வகுப்பு முழுக்கக் கேட்கும்படி ஆசிரியர் சொன்னார்: “புத்தி எங்கே போகும்?” மறு வாரம் பையனின் தகப்பனார் வந்து டி.சி. கேட்டார். நடத்தை என்ற கட்டத்தில் ஆசிரியர் ‘திருப்திகரமாக இல்லை’ என்று எழுதினார். தகப்பனாருக்குப் படிக்கத் தெரியாது. நான்காக மடித்து வேட்டி மடிப்பில் வைத்துக்கொண்டு கும்பிட்டுவிட்டுப் போனார்.

ஜாமெட்ரி பாக்ஸ் கடைசிவரை கிடைக்கவில்லை. யார் எடுத்தது என்று அவருக்கு இன்றும் தெரியாது. அந்தப் பையனே எடுத்திருக்கவும் கூடும். விஷயம் அதுவல்ல. அவன் எடுத்திருந்தாலும் அது ஒரு செயல். ஒரு தரம் நடந்தது. அதற்குத் திட்டலாம், கண்டிக்கலாம், திருப்பித் தரச் சொல்லலாம். புத்தி என்று சொன்ன பிறகு திருப்பித் தருவதற்கு அவனிடம் என்ன இருக்கிறது?

இனி திருப்பதிக் காட்டுக்கு வருவோம். ஏனெனில் அந்த அம்மாளின் மகன் பிடிபட்டது அங்கேதான்.

சேஷாசல மலைத்தொடரில் செம்மரம் விளைகிறது. ஆந்திராவின் தெற்குப் பகுதி மலைகளையும் அவற்றை ஒட்டிய இடங்களையும் தவிர உலகில் வேறெங்கும் அது இயற்கையாக வளர்வதில்லை. வெளிநாட்டுச் சந்தையில் அதற்கு மவுசு அதிகம். மரம் வெட்டக் கூலிக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் ஜவ்வாது மலை, திருவண்ணாமலை, தர்மபுரி, சேலம் பக்கத்து ஏழைகள். கடத்தல் பணத்தின் பெரும் பங்கு போகிற திசை வேறு. 2013 டிசம்பரில் சேஷாசலக் காட்டில் இரண்டு வன அதிகாரிகள் கொல்லப்பட்டார்கள். கடமையில் இருந்தவர்கள், குடும்பஸ்தர்கள். அந்தக் கொலைகளுக்குப் பிறகு நூற்றுக்கணக்கான தமிழ்க் கூலிகள் கைதானார்கள். பலர் இரண்டு ஆண்டுக்கு மேல் சிறையில் கிடந்தார்கள். 2016ல் திருப்பதி நீதிமன்றம் குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று அவர்களை விடுவித்தது.

நடுவில் 2015 ஏப்ரல் 7. திருப்பதிக்கு அருகே சந்திரகிரி வட்டாரத்துக் காட்டில் செம்மரக் கடத்தல் தடுப்புப் படை சுட்டதில் இருபது பேர் இறந்தார்கள். இருபது பேரும் தமிழ்நாட்டவர். கோடரியும் கல்லும் கொண்டு தாக்கினார்கள், தற்காப்புக்குச் சுட்டோம் என்றது போலீஸ். முதல் நாளே பஸ்ஸிலிருந்து பிடித்துச் சென்றவர்களும் அதில் உண்டு என்றார்கள் மனித உரிமை அமைப்பினர். தேசிய மனித உரிமை ஆணையம் விசாரணையில் இறங்கியது. அதற்குப் பிறகு பல மாதம் சித்தூர், திருப்பதி வழியாகப் போகும் பஸ்ஸில் தமிழ் பேசும் மலைக்காரர் ஒருவர் ஏறினால் பக்கத்து இருக்கைக்காரர் ஒரு முறை திரும்பிப் பார்ப்பார். கூலி, வெட்டுபவர், கடத்தல்காரர், ஸ்மக்ளர் என்ற சொற்களுக்கு நடுவே இருந்த வரப்புகள் அழிந்துபோயிருந்தன. ஒரு மலையில் பிறந்தாலே ஒரு மரத்தை வெட்டும் சுபாவம் உண்டு என்பதுபோல.

விடிவதற்குள் ஆசிரியர் இன்னொரு காகிதத்தையும் படித்து முடித்திருந்தார். வழக்கறிஞர் விட்டுப்போன கட்டில் அது இருந்தது. 1984ல் விஜய் நாராயண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் பெரும்பான்மைத் தீர்ப்பு. குண்டர் சட்டம் போன்ற ஒரு பிகார் சட்டத்தில் வரும் இதே ‘ஹேபிச்சுவலி’க்கு நீதிபதிகள் அங்கே பொருள் சொல்லியிருந்தார்கள். மீண்டும் மீண்டும், விடாமல் செய்வது என்று பொருள். ஒரே மாதிரியான செயல்களை ஒரு சரடு கோத்திருக்க வேண்டும். அங்கொன்றும் இங்கொன்றுமான தனிச் செயல் போதாது.

ஆசிரியருக்குச் சிரிப்பு வந்தது. நாட்டின் மிகப் பெரிய நீதிமன்றம் இலக்கண வாத்தியார் வேலையைப் பார்த்திருக்கிறது. வினையடை வினையைத்தான் தழுவ வேண்டும், பெயரைத் தழுவக் கூடாது என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம். ‘திரும்பச் செய்தான்’ என்று எழுதலாம். ‘திரும்பச் செய்கிறவனாகவே பிறந்தான்’ என்று எழுதக் கூடாது.

காலை ஒன்பது மணிக்கு அந்த அம்மாள் மேஜைக்கு முன்னால் நின்றார். முகம் கழுவித் தலை வாரியிருந்தார். வழக்கறிஞரும் வந்தார். ஆசிரியர் எழுதியதைப் படித்துக் காட்டினார். சுபாவம், பழக்கம், வாடிக்கை எதுவும் அதில் இல்லை. ‘இன்னின்ன குற்றங்களைத் திரும்பத் திரும்பச் செய்து வருபவர் என்பதால்’ என்று இருந்தது.

வழக்கறிஞர் யோசித்தார். “இது ரொம்ப சாதாரணமா இருக்கே அய்யவாரு? கோர்ட் பாஷை மாதிரி இல்லையே.”

“கோர்ட்டுக்கு இங்கிலீஷ் பிரதி இருக்கு. இது அந்தப் பையன் படிக்க” என்றார் ஆசிரியர்.

அந்த அம்மாள் மேஜையைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். அவரால் அந்தக் காகிதத்தைப் படிக்க முடியாது. ஆனால் காதில் விழுந்தது புரிந்துவிட்டது.

“திரும்பத் திரும்பன்னா, எத்தன தரம் சாமி?”

ஜெராக்ஸ் இயந்திரத்தின் சத்தம் மட்டும் கேட்டது. வழக்கறிஞர் ஆசிரியரைப் பார்த்தார். உத்தரவில் மூன்று குற்ற எண்கள் குறிக்கப்பட்டிருந்தன. மூன்றும் ஒரே வாரத்தில், ஒரே மலையடிவாரத்தில் பதிவானவை. “அவன் அந்தக் காட்டுக்குப் போனது ஒரு தரம்தான்” என்றார் அம்மாள். உண்மையா என்று அந்த மேஜையில் இருந்த யாருக்கும் தெரியாது. ஆனால் முந்தின நாள் மாலை ‘பழக்கம்’ என்ற சொல்லைக் கேட்டுப் பதறிய அதே பெண்மணி, ‘திரும்பத் திரும்ப’ என்ற சொல்லைக் கேட்டதும் எண்ணிக்கை கேட்டார். சட்டம் தெரிந்த எவரும் கேட்டிருக்க வேண்டிய முதல் கேள்வி அது. சுபாவத்துக்குப் பதில் சொல்ல முடியாது. கண்ணீர்தான் விடலாம். எத்தனை தரம், எந்தத் தேதி, எந்த இடம் என்பதற்குப் பதில் சொல்லலாம், மறுக்கலாம், சாட்சி கூப்பிடலாம்.

வழக்கறிஞர் அந்தக் கேள்வியைத் தமது பேடில் குறித்துக்கொண்டார். ஆசிரியர் அந்த மொழிபெயர்ப்புக்குக் கூலி வாங்கவில்லை. வழக்கு பிறகு என்ன ஆயிற்று என்பது அவருக்குத் தெரியாது. வழக்கறிஞர் வேறு ஊருக்குப் போய்விட்டார், அந்த அம்மாள் மறுபடி வரவில்லை.

சொல் மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. 2023 ஜூனில், கிருஷ்ணகிரி மாவட்டத்துக் குறவர் குடும்பத்தினரைத் திருட்டு வழக்கில் அழைத்துச் சென்ற சித்தூர் போலீசார் அவர்களைச் சித்திரவதை செய்ததாகப் புகார் எழுந்து, தமிழ்நாட்டில் ஆர்ப்பாட்டங்கள் நடந்தன. செய்தியைப் படித்த ஆசிரியர் அதிகம் பேசவில்லை. ஆந்திராவில் எருகலர் என்றால் பழங்குடிப் பட்டியல். எல்லைக்கு இந்தப் பக்கம் அதே ஜனங்கள் வெவ்வேறு பெயர்களில் வெவ்வேறு பட்டியல்களில் சிதறிக் கிடக்கிறார்கள். சலுகைக்கான பட்டியல்தான் எல்லையில் மாறுகிறது, சந்தேகத்துக்கான பட்டியல் மாறுவதில்லை என்று மட்டும் கடைக்காரரிடம் சொன்னார்.

2024 அக்டோபர் 3 அன்று ஒரு நல்ல செய்தி வந்தது. பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா தொடுத்த வழக்கில், தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு, சிறை விதிகளில் இருந்த சாதிப் பாகுபாடுகளைச் செல்லாதவை என்று அறிவித்தது. மேற்கு வங்கச் சிறை விதி ஒன்று அதில் அகப்பட்டது. தப்பி ஓடும் வலுவான இயற்கை ‘டெண்டென்சி’ உள்ள வகுப்பினர், உதாரணமாக நாடோடிக் குலத்தார், சிறையில் இரவுக் காவலராக நியமிக்கப்படத் தகுதியில்லை என்றது அது. நாடு விடுதலை பெற்று எத்தனையோ ஆண்டுக்குப் பிறகும் ‘இயற்கை’ என்ற சொல் அங்கே நிம்மதியாக உட்கார்ந்திருந்தது. ஆந்திரச் சிறை விதிகளும் தப்பவில்லை. சிறை விதிகளில் வரும் ‘ஹேபிச்சுவல் அஃபெண்டர்’ என்ற சொல்லுக்கு இனி அந்தந்த மாநிலச் சட்டம் தரும் பொருள் மட்டுமே உண்டு, அப்படிச் சட்டம் இல்லாத மாநிலத்தில் அந்தச் சொல்லே செல்லாது என்றது தீர்ப்பு. சிறைப் பதிவேடுகளில் சாதிக் கட்டத்தையும் நீக்கச் சொன்னது.

ஆசிரியருக்கு இப்போது எழுபத்தைந்து வயதுக்கு மேல். மேஜை இருக்கிறது, ஆனால் தினமும் வருவதில்லை. தீர்ப்பு வந்த அன்று வந்தார். பழைய நோட்டுப் புத்தகத்தை எடுத்து, அந்த இரவு எழுதிய பக்கத்தைப் புரட்டினார். ‘ஹேபிச்சுவல்’ என்று எழுதி, அதற்கு எதிரே வரிசையாகப் பழக்கம், வழக்கம், வாடிக்கை, தொழில், சுபாவம் என்று எழுதி, ஒவ்வொன்றாக அடித்திருந்தார். பட்டியலின் அடியில், அடிக்கப்படாமல் ஒரே ஒரு வரி. அந்த அம்மாளின் வார்த்தையை அப்படியே எழுதி வைத்திருந்தார்.

‘எத்தன தரம்?’

அதற்கும் கீழே சின்ன எழுத்தில் ஒரு பையனின் பெயரும் 1988 என்ற வருடமும். அந்த வருடத்துக்கு எதிரே அவர் எழுதி வைத்திருந்தது: ‘ஒரு தரம்கூட நிரூபணமாகவில்லை.’